புதன்கிழமை வந்த ஃபிளாஸ்க்

"பேய்," என்றேன் நான்.

அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த ஆரஞ்சுப் பழத்தைத் தோல் அறுபடாமல் உரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேர் வீடு பார்க்க வர்றாங்க. மூணு பேரும் வீட்டு வாசலைக்கூட மிதிக்காம திரும்பிப் போறாங்க. பேய் இல்லாம வேற என்ன அண்ணி?"

"பேய் வீட்டுக்குள்ள இருக்கும் தம்பி. தெருமுனைப் பூங்காவுல நின்னு ஆள் பிடிக்காது."

எங்கள் துப்பறியும் நிறுவனம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே காற்றடிக்கும்போதெல்லாம் எங்கள் நாற்காலிகள் நடுங்கும். முதலாளி என் அண்ணி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே, என் அப்பா சிகரெட்டை எங்கே ஒளித்து வைக்கிறார் என்று கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தவர். அப்படிப்பட்டவர் இந்தத் தொழிலுக்கு வராமல் வேறு எதற்கு வருவார்? உதவியாளர் நான். சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அது குடும்ப விஷயம்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தன் கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். உள்ளே வந்ததிலிருந்து அது அழுக்காக நேரமே கிடைக்கவில்லை.

"வீடு யார் பேர்ல?" என்றார் அண்ணி.

"என் பேர்லதான் மேடம். அப்பா எப்பவோ எழுதிக் கொடுத்துட்டார். அம்மா போனதுக்கப்புறம் அவர் மட்டும் அங்க இருக்கார். வித்துட்டு, என் கடைப் பக்கமா கொஞ்சம் பெரிய ஃபிளாட்டா பார்த்து, அவரையும் கூட்டிட்டு வந்துடலாம்னு."

"நல்ல விஷயம்தானே. அவர் என்ன சொல்றார்?"

கண்ணாடி கழன்றது.

"இன்னும் சொல்லல. முடிஞ்சதும் சொல்லலாம்னு."

"எது முடிஞ்சதும்?"

"அட்வான்ஸ் வாங்கினதும்."

அண்ணி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். 

"அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது மேடம்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அவர் நின்னு கட்டின வீடு. தெரிஞ்சா நான் அவர் முகத்துல முழிக்க முடியாது. அதுக்காகத்தான் போலீஸுக்கோ யாருக்கோ போகாம உங்ககிட்ட வந்தேன்."

ஏற்பாடு இப்படி. வீடு விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம் போட்டிருக்கிறார். அப்பா சாயங்காலம் படிப்பகத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து ஆட்களை வரச் சொல்கிறார். யாராவது வருவதாகப் பதிவு செய்தால், "இன்று மாலை ஒருவர் உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்" என்று ஆப் இவர் போனுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பும். வருகிறவர்கள் பூங்கா வாசலில் காத்திருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கும். தரகர் அம்மா இவர் கடைக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரில் போய் அவர்களை அழைத்துச் செல்வார். அவர் போய்ச் சேரும்போது அங்கே ஆள் இருப்பதில்லை.

"அந்தத் தரகர் அம்மாதான் மேடம். வேற வீட்டைக் காட்டித் தள்ளிட்டுப் போறாங்க. நேத்து போன்ல நல்லா கேட்டுட்டேன். இன்னைக்கு அவங்க ஆபீஸுக்கும் புகார் சொல்லப் போறேன்."

"திரும்பிப் போனவங்ககிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். ஒருத்தர், மனைவிக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற முடியாதுன்னார்."

"வீட்டுல எத்தனை மாடி?"

"மாடியே கிடையாது மேடம்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

"கோபமா பேசினாங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல. ஏதோ தப்பு பண்ணிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி மென்னு முழுங்கினாங்க. மூணு பேருமே அப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை வந்த நாலாவது ஆள் மட்டும் ஒழுங்கா உள்ள போய்ப் பார்த்துட்டு, ரூம் சின்னதா இருக்குன்னு சொல்லிட்டார்."

"அந்த ஆளையும் அதே தரகர் அம்மாதானே கூட்டிட்டுப் போனாங்க?"

"ஆமா."

"கெடுக்கணும்னு நினைக்கிறவங்க அவரை மட்டும் எதுக்கு விட்டாங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் திருதிருவென விழித்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"புகாரைச் சாயங்காலம் வரைக்கும் தள்ளிப் போடுங்க," என்றார்.

பூங்கா வாசலில் தரகர் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலே எங்களிடம் பேசினார். கழற்றினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாரோ என்னவோ.

"நான் கொஞ்சம் லேட்டாத்தான் வருவேன், ஒத்துக்கறேன். அவர் கடைக்குப் போய் சாவி வாங்கிட்டுத்தானே வரணும்? அதுக்குள்ள ஆள் காணாமப் போனா நான் என்ன பண்ணட்டும்? அவர் பேசின பேச்சு, ஸ்பீக்கர்ல போடாமலே எங்க ஆபீஸ் முழுக்கக் கேட்டுச்சு. பக்கத்து சீட்டுல இருக்கறவங்க என்னை நிமிர்ந்து பார்க்கல. நான் திருடியா?"

அண்ணி அவர் தோளில் கை வைத்தார்.  நான் காவலாளியைப் பிடித்தேன். பூங்காக் காவலாளி தன் கூண்டுக்குள் உட்கார்ந்து ரேடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த பெஞ்சுல யாராவது வந்து உக்காந்து, வர்றவங்களோட பேசறதுண்டா?"

"குடைக்காரரா? அப்பப்ப வருவாரே!"

"ஆள் எப்படி இருப்பார்?"

"குடைக்குள்ள இருக்கறவரை நான் எப்படிங்க பார்ப்பேன்? இங்கேருந்து பார்த்தா முதுகும் கருப்புக் குடையும்தான். பக்கத்துல ஒரு ஃபிளாஸ்க். யாராவது வருவாங்க. டீ ஊத்திக் கொடுப்பார். கொஞ்ச நேரம் பேசுவாங்க. அப்புறம் வந்தவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

என் மூளை ஓடியது. டீயில் எதையோ கலக்கிறான்!

"டீ குடிச்சதும் தள்ளாடினாங்களா?"

"நல்லாத்தான் நடந்தாங்க," என்றார் காவலாளி, என்னைப் பார்த்து இரக்கப்பட்டு.

அண்ணி அருகே வந்தார். "போன செவ்வாய்க்கிழமை அவர் வந்தாரா?"

"செவ்வாய்க்கிழமை இந்த அம்மாதான் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனாங்க. குடைக்காரர் வரல. அவர் புதன்கிழமை வந்தார். பாவம், அன்னைக்கு அவரைத் தேடி ஒருத்தரும் வரல. இருட்டற வரைக்கும் உக்காந்து பார்த்துட்டு, இன்னொரு கோப்பை டீயையும் அவரே குடிச்சுட்டுப் போனார்."

அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எனக்கு மட்டும் ஏன் அது வருவதே இல்லை?

திரும்பும் வழியில் கேட்டேன். "நாள் கிழமை மறந்து போற ஆள். அவ்வளவுதானே அண்ணி?"

"தம்பி, செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வர்றார்ங்கற சேதியை புதன்கிழமை நான் உன்கிட்ட சொல்றேன்னு வெச்சுக்கோ. எப்படிச் சொல்வேன்?"

"நேத்து ஒருத்தர் வந்தார்னு."

"நேத்து வந்த ஆளுக்காக இன்னைக்கு டீ போட்டு எடுத்துட்டுப் போய் உக்காருவியா?"

"மாட்டேன்."

"அவர் உக்காந்தாரே. அப்படின்னா சேதி ஒரு நாள் லேட்டா வந்திருக்கு. வந்தும் அதுல 'இன்று மாலை'ன்னேதான் இருந்திருக்கு. லேட்டாச் சொல்லும்போதும் வார்த்தையை மாத்தாம சொல்றது யாரு?"

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "மெஷின்!"

"தள்ளி நில்லு, லாரி வருது."

மூக்குக்கண்ணாடிக் கடையில் சுவர் நிறையக் கண்ணாடிகள் எங்களையே உற்றுப் பார்த்தன. ஆப் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார் அண்ணி. மறுமுனையில் ஒரு இளைஞன் குரல்.

"சார், உங்க கணக்குக்கு வர்ற அறிவிப்பு எல்லாம் ரெண்டு போனுக்குப் போகுது."

"ரெண்டா? என்கிட்ட ஒரு போன்தான் இருக்கு!"

"பழைய போன் ஒண்ணு இருந்ததா சார்? எங்க சர்வர் ஆளைப் பார்த்து அனுப்பறதில்ல. போனைப் பார்த்து அனுப்புது. ஆப்பைப் போட்டதும் 'அறிவிப்பு அனுப்பலாமா'ன்னு கேட்டிருக்கும், நீங்க சரின்னு அழுத்தியிருப்பீங்க. அப்பவே அந்த போனுக்குன்னு விலாசம் மாதிரி ஒரு டோக்கன் விழுந்துடும். அந்த டோக்கனுக்குத்தான் சேதி போகும்."

"ஆனா நான் அதுல லாக்-அவுட் பண்ணிட்டேனே!"

"நீங்க வெளிய வந்துட்டீங்க சார். டோக்கனை நாங்க பட்டியல்லேருந்து எடுத்திருக்கணும். எடுக்கல." இளைஞனின் குரல் கம்மியது. "அது எங்க தப்புதான். ஆப்பையே அழிச்சிருந்தா நின்னிருக்கும்."

"போன செவ்வாய்க்கிழமை அனுப்பினது என்ன ஆச்சு தம்பி?" என்றார் அண்ணி.

விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "ஒரு போனுக்கு உடனே போயிருக்கு மேடம். இன்னொரு போன் அணைஞ்சு கிடந்திருக்கு. அப்படி இருந்தா சேதி சர்வர்லயே காத்துட்டு இருக்கும். போனுக்கு உயிர் வந்ததும் போய் விழும். இது மறுநாள் காலைல போயிருக்கு."

அண்ணி நன்றி சொல்லி வைத்துவிட்டு, கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார். "உங்க பழைய போன் எங்க?"

"அது... தொலைஞ்சு போச்சு மேடம்."

"எங்க?"

"பஸ்ல."

"சாருக்குக் கார் இருக்கே?" என்றேன் நான்.

"கார்லதான்."

காருக்குள் தொலைந்த போனைக் காருக்குள் தேடலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணி கண்ணைக் காட்டி அடக்கினார். கண்ணாடிக்கடைக்காரர் கழுத்து வரை சிவந்து, கண்ணாடியைச் சட்டை நுனியால் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தேய்ப்பில் கண்ணாடிக்குப் பவரே போயிருக்கும்.

"தம்பி, நீ ஒரு வீடு வாங்கேன்," என்றார் அண்ணி.

"இந்தச் சம்பளத்துலயா?"

"ஆப்புல பதிவு பண்ணு. இன்னைக்குச் சாயங்காலம் வர்றதா."

பதிவு செய்தேன். நான் விரலை எடுப்பதற்குள் கல்லாப்பெட்டி மேல் இருந்த கண்ணாடிக்கடைக்காரரின் போன் 'டிங்' என்றது. இன்று மாலை ஒருவர் உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்.

"இதே நேரத்துல இன்னொரு போனும் எங்கேயோ அடிச்சிருக்கும்," என்றார் அண்ணி. "அது யார் கையில இருக்குன்னு போய்ப் பார்த்துடலாம். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு மேடம்?" என்றவர், தரகர் அம்மாவுக்கான சாவியைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பெஞ்சில் கருப்புக் குடை இருந்தது. குடைக்குக் கீழே ஒரு முதுகு, பக்கத்தில் ஃபிளாஸ்க்.

பூங்காக் கம்பி வேலி ஓரமாக வந்துகொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரர் சடாரென்று நின்றார். அந்த முதுகை அவர் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறார்.

"மேடம், போயிடலாம்," என்றார். "கேஸை விட்டுடுங்க. ப்ளீஸ்."

அண்ணி அவர் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, என்னைப் போகச் சொன்னார். நான் போய் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். குடை என் பக்கம் திரும்பியது. சுத்தமாகச் சவரம் செய்த முகம். சலவைச் சட்டை. பெண் பார்க்கப் போகிற மாதிரி கிளம்பி வந்திருந்தார் பெரியவர்.

"வீடு பார்க்க வந்தீங்களா?"

"ஆமாங்க."

"தரகர் அம்மா வர நேரமிருக்கு. டீ குடிங்க." கோப்பையைத் துண்டால் துடைத்து ஊற்றிக் கொடுத்தார். "அவங்க நல்லதை மட்டும்தான் சொல்வாங்க. அது அவங்க பொழப்பு. நீங்க ஏமாந்துடக் கூடாதுன்னுதான் நான் வந்து உக்காந்திருக்கேன். மழை பெய்ஞ்சா வடக்குச் சுவர் ஈரம் காக்கும். சமையலறை ஜன்னலோரமா அலமாரி வைக்காதீங்க. வாசக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும், இல்லேன்னா தரையில இழுக்கும். மத்தபடி அஸ்திவாரம் கல்லு மாதிரி. நான் பக்கத்துல நின்னு போட்டது."

"உங்க வீடுங்களா?"

"என் பையனோடது. பீரோவும் கட்டிலும் பெருசு, வெளிய எடுக்கறது கஷ்டம். உங்களுக்கு வேணும்னா அப்படியே வெச்சுக்கோங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே.

"நீங்க எங்க போவீங்க?"

பெரியவர் குடைக் காம்பை ஒருமுறை சுற்றினார்.

"அது எனக்கு இன்னும் யாரும் சொல்லல," என்றார். "சொல்வாங்க. நீங்க டீயைக் குடிங்க, ஆறிடும்."

 அந்த மூன்று பேரும் ஏன் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள் என்று எனக்குப் புரிந்துபோனது. முட்டிவலி, இல்லாத மாடி, எல்லாம் புரிந்தது. ஒரு மனிதரை அவர் வீட்டிலிருந்து கிளப்ப, அவர் போட்ட டீயையே குடித்துக்கொண்டு விசாரிக்கிறோம் என்பது வெட்கக்கேடாக இருந்தது. நான் வாங்கவே வராதவன். எனக்கே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். பெரியவர் குடையைச் சாய்த்துப் பார்த்தார். திடுக்கிடவில்லை.

"வா," என்றார் மகனிடம். "உக்காரு."

மகன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட மடங்கினார் என்று சொல்லலாம்.

"அப்பா... நீங்கதான் வந்தவங்களைத் துரத்தினீங்களா?"

"துரத்தலையே. டீதானே கொடுத்தேன்? உனக்கு நல்ல ஆளா அமையட்டும்னு பேசிப் பார்த்தேன். எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க. கடைசில ஏன் எழுந்து போயிடறாங்கன்னு எனக்கே புரியல."

அண்ணி மெல்லக் கேட்டார். "ஐயா, உங்க போனை ஒருதடவை பார்க்கலாமா?"

பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மகன் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"பையன் வாங்கிக் கொடுத்தது," என்றார் பெரியவர். "சார்ஜ்தான் நிக்கறதில்ல. போன வாரம்கூட ஒரு நாள் பூரா செத்துக் கிடந்தது."

"அப்பா, அந்த போன்..." என்றார் மகன். "அது புதுசு இல்லப்பா. நான் வெச்சிருந்ததுதான். புது டப்பாவுல போட்டு..."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"ஓரத்துல பாரு. உன் பொண்ணுக்குப் பல்லு முளைக்கறப்போ கடிச்ச தடம். என் மடியில உக்காந்துதானே கடிச்சா? டப்பாவைத் திறந்த அன்னைக்கே பார்த்துட்டேன். அதனாலயே எனக்கு இது புடிச்சுப் போச்சு. நீ புதுசுன்னு சொன்னே. நானும் சரின்னுட்டேன்."

அண்ணி போனை என் கையில் கொடுத்துக் காட்டினார். மூலையில் அரிசி அரிசியாக நாலு பள்ளம். இவ்வளவு பெரிய தடயத்தைத் துடைக்க மறந்தவர் நாள் பூராவும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்லலாம் என்று வந்தது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் கிண்டல் அதுதான்.

"என்னை ஏம்ப்பா கேக்கல?"

"நீ சொல்வேன்னு பார்த்தேன்," என்றார் பெரியவர். "இது சத்தம் போடும்போதெல்லாம் நீதான் கூப்பிடறேன்னு கை வேலையை விட்டுட்டு ஓடி வந்து எடுப்பேன். பார்த்தா யாரோ வீடு பார்க்க வர்றாங்கன்னு இருக்கும்."

ஸ்கூட்டர் வந்து நின்றது. தரகர் அம்மா ஹெல்மெட்டுடன் இறங்கி, எங்கள் எல்லாரையும் பார்த்துத் தயங்கினார். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். காவலாளி கூண்டிலிருந்து எட்டிப் பார்க்க, அப்பா பார்க்க, நடைபாதையில் நின்று சொன்னார்.

"தப்பு என்னோடது. நான் உங்களைப் பேசினது ரொம்ப தப்பு. ஆபீஸுக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

தரகர் அம்மா சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. தன் போனை எடுத்து, தலை நிமிராமல் எதையோ திறந்து, எதையோ அழுத்தினார். 

என் கையில் இருந்த பெரியவரின் போன் 'டிங்' என்றது. அவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"உங்கள் விளம்பரம் நீக்கப்பட்டது."

போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"இதையும் இதுதான் சொல்லணுமா? எதிர்லதானேடா உக்காந்திருக்கே?"

மகன் தலையை நிமிர்த்தினார். கண்ணாடிக்குள் எல்லாம் நனைந்திருந்தது. "அப்பா," என்று ஆரம்பித்தார். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். குடித்து முடிக்காத கோப்பையை பெஞ்சில் வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அங்கிருந்து நடந்தோம்.